அந்தோனியார் முன்னால் வைத்த மெழுகுக் கட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. மறுநாள் திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. அதனால் சனிக்கிழமை மத்தியானமே கொழும்பில் பாதிக் கந்தோர்கள் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டன. அந்த விடுமுறை மட்டும் வந்திருக்காவிட்டால் நான் சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது.

நான் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவள். ஞானஸ்நானம், முதல் நன்மை, கலியாணம், வெள்ளிவிழா என்று எங்கள் ஒழுங்கைகளில் எது நடந்தாலும் ஐசிங் பூசுவது அநேகமாக நானாகத்தான் இருக்கும். என் கணவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் பெட்டிகள் அடுக்கும் யார்டில் சுப்பவைசர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கோ வாயில் இருந்து ஒரு சொல் பிடுங்க வேண்டுமென்றால் தவம் கிடக்க வேண்டும். நான் செவ்வாய் தவறாமல் அந்தோனியார் கோவிலுக்குப் போவேன். அவர் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் மாத்திரம் வருவார், அதுவும் வாசலோடு நின்றுவிடுவார். கூப்பிட்டால், "உன்ட கதையைக் கேட்கவே அந்தோனியாருக்கு நேரம் காணாது, நானும் வந்து ஏன் கரைச்சல் குடுக்கிறது?" என்பார்.

அந்த வருடம் எனக்கு ஓர் இருமல் பிடித்தது. ஐசிங் சீனித் தூள் மூக்கில் போகிறது, அதுதான் என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். இருமல் போகவில்லை, நான்தான் மெலிந்துகொண்டு போனேன். கடைசியில் எக்ஸ்ரே, ஸ்கேன், பயொப்சி என்று இழுபட்டு, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். முதுகெலும்பிலும் ஒரு புள்ளி இருந்தது. வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக் கையால்கூடத் தொடாதவள் நான். விசயம் தெரிந்து பார்க்க வந்தவர்களோ முதலில் கேட்டது, "மிஸ்டர் சிகரெட் குடிக்கிறவரா?" என்றுதான். அவரும் குடிப்பதில்லை. அவர்கள் கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதற்குக்கூட இருக்காமல் போகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புற்றுநோய் டொக்டர் நிதானமான மனிதர். எங்கள் இருவரையும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். "நோய்க்குப் பெயர் ஒன்றுதான் அம்மா. ஆனா ஆளுக்கு ஆள் உள்ளுக்கு வேற மாதிரி. உங்கட கட்டியில எந்த மரபணு பிழைச்சிருக்கு என்று வாசிச்சுப் பார்க்கலாம். சில பிழைகளுக்கு நேராப் போய் அதை மட்டும் பிடிக்கிற குளிசை இருக்கு. அப்பிடி ஒன்று இருந்தா உங்களுக்குக் கீமோ தேவைப்படாது" என்றார். சிகரெட் குடிக்காத பெண்களிடம் அப்படியான பிழை இருப்பதை அடிக்கடி காண்கிறோம், ஆகவே கீமோவைத் தொடங்குவதற்கு முன் பொறுத்துப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார்.

அந்தப் பரிசோதனைக்குப் புதிதாக எதுவும் எடுக்கத் தேவையில்லை. பயொப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பிளொக். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் கிளையில் கொடுத்தால் அவர்கள் இந்தியாவுக்கு அனுப்புவார்கள். டொக்டர் ஒன்றை மாத்திரம் அழுத்திச் சொன்னார். பயொப்சி எடுத்த அன்று என் நுரையீரல் சுருங்கி, நெஞ்சில் குழாய் போட்டு, நான் செத்துப் பிழைத்திருந்தேன். "திரும்ப ஒருக்கா அந்த இடத்தில ஊசி குத்த எனக்கு விருப்பமில்லை. இருக்கிறது இந்தத் துண்டுதான். கவனம்" என்றார்.

கவனம் என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமான்களைப் பத்திரமாகக் கையாள்வதுதானே அவருடைய தொழில். சனிக்கிழமை காலை அவரே போய்ப் பிளொக்கை வாங்கினார். காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிளையைப் பூட்டிவிட்டார்கள். இனிச் செவ்வாய்தான் திறப்பார்கள். பிளொக் வீட்டுக்கு வந்தது.

பார்க்க ஒன்றுமில்லை. தீப்பெட்டியைவிடச் சிறிய, ஓரத்தில் இலக்கம் எழுதிய பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் துணுக்குகள் போல மங்கலாக ஏதோ. ஆஸ்பத்திரியில் சொன்னபடி வெயிலும் சூடும் படாமல் கேக் அச்சுகள் வைக்கும் அலுமாரியில் வைத்தேன். எனக்கு வாழ்வா சாவா என்பதை இந்தக் குட்டித் துண்டுதான் சொல்லப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அலுமாரியைச் சாத்தினேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் கதைத்ததெல்லாம் எந்த நாள் ஸ்கேன், எந்தக் கவுண்டரில் நம்பர்த் துண்டு எடுப்பது, எந்த வழியால் போவது என்பவைதான். இந்த மனுஷனுக்குப் பயமே இல்லை, கல்லுப் போல இருக்கிறார் என்று மனதுக்குள் குமைந்துகொண்டு இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து, ஒரு ஞானஸ்நானக் கேக்கையும் கொடுத்துவிட்டு வந்து மத்தியானம் அயர்ந்து தூங்கிவிட்டேன். எழும்பியபோது திரி அணைந்த வாசம். வீடு வழமையைவிட அமைதி. சமையலறைக்குப் போனேன். மேசைக்கு முன்னால் இவர் நிற்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. வலது கையில் என் ஐசிங் கத்தி. இடது கையில் அந்தப் பிளொக்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான எதுவானாலும் முதலில் அந்தோனியார் சுரூபத்தின் காலடிக்குத்தான் போகும். சோதனைக்குப் போகும் பிள்ளையின் அனுமதி அட்டை, விசாவுக்குக் கொடுக்கப்போகும் கடவுச்சீட்டு, புது மோட்டார் சைக்கிளின் சாவி, எல்லாமே அங்கே வைத்து, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, செபம் சொல்லி எடுப்போம். மகள் மெல்பேர்னுக்குப் போகும்போது அவளுடைய டிக்கெட்டையும் அப்படித்தான் வைத்தேன், இவர் பார்த்துச் சிரித்தார். அன்று நான் தூங்கும் நேரம் பார்த்து, அதே மனிதர் பிளொக்கை அலுமாரியிலிருந்து எடுத்துச் சுரூபத்தின் காலடியில் வைத்து, பக்கத்தில் ஒரு பெரிய மெழுகுதிரியையும் கொளுத்தியிருக்கிறார். மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு எங்கே தெரியும்? காற்றுக்குத் திரி சாய்ந்து, உருகிய மெழுகு முழுக்கப் பிளொக்கின் மேல் வழிந்து, அதன் ஓரமும் சூட்டில் இளகிவிட்டது. எது அந்தோனியாருடைய மெழுகு, எது என்னுடைய மெழுகு என்று தெரியவில்லை. நான் எழும்புவதற்குள் சுரண்டிச் சரிப்படுத்தி, வைத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார்.

"கத்தியை வையுங்க! வையுங்க கீழ!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயும் குரைத்தது.

வைத்தார். "சுரண்டினீங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"கொஞ்சம் என்றா எவ்வளவு? உள்ளுக்குள்ள இருக்கிறது நூல் மாதிரி ஒரு துண்டு. அதுவும் போனா நான் என்ன செய்யிறது? திரும்பக் குத்த ஏலாது என்று டொக்டர் சொன்னது காதில விழேல்லையா? ஊர்ப்பட்ட கொள்கலனை எல்லாம் கீறல் இல்லாம இறக்கிறவர், இதை மட்டும்தானா உங்களுக்கு வைச்சிருக்க ஏலாமப் போச்சு?" இன்னும் நிறையச் சொன்னேன். அவற்றை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் குளிர்சாதனப் பெட்டியில் முதுகைச் சாய்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய தாயின் செத்த வீட்டில்கூட வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குச் செபம் சொல்லத் தெரியாது" என்றார். "சொன்னாலும் அவர் நம்பமாட்டார். அதுதான் அதையே கொண்டுபோய்க் காட்டினேன்."

பிறகு, கேட்காமலே, மற்றதையும் சொன்னார். யார்டில் நாள் முழுக்க லொறிப் புகை. அந்தச் சட்டையோடுதான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வருகிறார். அதைத் துவைப்பவள் நான். "நான்தானே இதை வீட்டுக்குக் கொண்டுவந்தனான். சனம் சிகரெட் குடிக்கிறவரா என்று கேட்கிற நேரம், குடிக்கேல்லை, ஆனா நான்தான் காரணம் என்று கத்த வேணும் போல வரும்" என்றார். ஆட்கள் வரும்போதெல்லாம் அவர் வெளியே எழுந்து போனது இதற்குத்தான். நானோ தேநீர் ஊற்ற ஆளில்லையே என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

"நான் செத்துப் போயிடுவேன் என்று பயமா?" என்று கேட்டேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் அன்றுதான் முதல் தடவையாக வாய் விட்டுச் சொல்லப்பட்டது.

"ஓம்" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன். ஐசிங் கத்தி மேசையிலும், நாங்கள் இருவரும் தரையிலுமாக, இருட்டும் வரைக்கும் அங்கேயே இருந்து கதைத்தோம். மகளுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, நான் இல்லாவிட்டால் அவர் எப்படிச் சமைத்துச் சாப்பிடுவார் என்று எல்லாம் கதைத்தோம். முட்டை பொரிக்கவாவது பழகுங்கள் என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்தார்.

போயா நாளை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். பிளொக்கைச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் பூட்டாத குறையாக வைத்தேன். செவ்வாய் காலை முதல் ஆட்களாக வெள்ளவத்தையில் போய் நின்றோம். கவுண்டரில் இருந்த பிள்ளை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அன்ரி, இது என்ன நடந்தது? இப்பிடி எடுக்கேலாது. இலக்கமும் தெரியேல்லை, மேல என்ன இருக்கெண்டும் தெரியேல்லை. அனுப்பினா அங்கயிருந்து திருப்பி அனுப்பிப் போடுவினம்." எங்கள் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. குரலைத் தாழ்த்தி, "நீங்கள் இதை எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் அங்க இருக்கிற டொக்டரிட்டக் காட்டுங்கோ. தொடாமல் கொண்டு போங்கோ" என்றாள்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அன்று இருந்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே இவர் சிங்களத்தில் தொடங்கிவிட்டார். சுரூபம், மெழுகுதிரி, மின்விசிறி, கத்தி, ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு வருடத்தில் பேசும் பேச்சை அங்கே நின்று ஒரே மூச்சில் பேசினார். டொக்டர் பிளொக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கத்தி?" என்று கேட்டார்.

"இவ கேக்குக்கு ஐசிங் பூசுற கத்தி, மிஸ்."

"கூர் இல்லாதது?"

"ஓம், கூர் இல்லை."

"நல்ல காலம்" என்றார். எங்களை உட்காரச் சொன்னார். மெழுகு என்பது அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லையாம். உருக்குவதும் திரும்ப வார்ப்பதும் அங்கே அன்றாடம் நடக்கும் வேலை. ஒரு மெழுகின் மேல் இன்னொரு மெழுகு விழுந்ததால் உள்ளே இருக்கும் சதைக்கு ஒன்றும் ஆகாது. கத்தி சதை வரைக்கும் போனதா என்பதுதான் கேள்வி. மெழுகை உருக்கி எடுத்து, சதையைப் புது மெழுகில் பதித்து, மெல்லிசாக ஒரு துண்டு சீவி, சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும். "பின்னேரம் வரைக்கும் இருக்க ஏலுமா?" என்று கேட்டார்.

வேறு எங்கே போவது? கன்ரீனில் உட்கார்ந்தோம். இவர் பிளேன்டியும் மீன் வைத்த மாலுபாணும் வாங்கி வந்து வைத்தார், இருவரும் தொடவில்லை. எனக்குச் செபமாலையைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, ஒரே மணியிலேயே நின்றுகொண்டிருந்தேன். சதை போயிருந்தால் இனிக் குருட்டடியாகக் கீமோதான். என்னைக் கொல்ல வந்தது எது என்றே தெரியாமல் அதனோடு சண்டை பிடிக்க வேண்டும். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொழும்பில் வெளி இடத்தில் வைத்து இவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் டொக்டர் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "இருக்குது. போதுமான அளவு இருக்குது" என்றார். நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்க விட்டார். ஊதாப் பூ கொட்டியது போலப் புள்ளிகள் தெரிந்தன. இவைதானா இவ்வளவு பாடும் படுத்துகின்றன என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் பார்க்க மறுத்துவிட்டார்.

பிளொக்கில் இலக்கத்தைத் திரும்ப எழுதி, புதுப் பையில் போட்டு, இந்த முறை என் கையில் தந்தார். பிறகு இவரைப் பார்த்து, "அடுத்த முறை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வையுங்க. கடதாசி உருகாது. பிளொக்கை எங்களிட்ட விடுங்க" என்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னால் கூப்பிட்டு, "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமைதானே, போற வழியில கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துங்க. எனக்கும் சேர்த்து ஒண்டு" என்றார். பௌத்தப் பெண். அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தவரும் வருவதால் கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை அதை வெள்ளவத்தையில் கொடுத்தோம், சில வாரங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. புற்றுநோய் டொக்டர் தேடிய மாதிரியான மரபணுப் பிழை இருந்தது. அதற்கான குளிசையும் இருந்தது. டொக்டர் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்த இவர், யார்டையும் சட்டையையும் பற்றிக் கேட்டார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, "ஐயா, உடம்பில செல் பிரியிற நேரம் நடந்த ஒரு பிழை இது. ஏன் இவவுக்கு நடந்தது என்று எங்களுக்கே தெரியாது. உங்கட சட்டையில இருந்து வந்தது என்று உலகத்தில ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. நீங்களும் சொல்லாதீங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

குளிசை பொல்லாதது. பதினாறு வயதில் வராத பருக்கள் எல்லாம் இந்த வயதில் முகம் நிறைய வந்தன. வயிறும் அடிக்கடி குழம்பியது. ஆனால் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது; ஒரு நாள் காலை எழும்பியபோது, இரவு முழுக்க நான் இருமவே இல்லை என்பதை இவர் சொல்லித்தான் உணர்ந்தேன். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. எலும்பில் இருந்த புள்ளியும் மங்கியிருந்தது. டொக்டர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இது நோயை அடியோடு துடைத்துவிடும் என்று வாக்குத் தரமாட்டேன், ஒரு நாள் இந்த மருந்துக்கு அது பழகிக்கொள்ளலாம், அப்போது மறுபடியும் பரிசோதித்துப் பார்த்து அதற்கு ஏற்றதைத் தேடுவோம் என்றார். அப்படி நேராகச் சொன்னதாலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது.

இரண்டு வருடம் போய்விட்டது. குளிசை இன்னும் வேலை செய்கிறது. நானும் வேலை செய்கிறேன். போன மாதம்கூட மூன்று தட்டுக் கலியாணக் கேக் ஒன்றை மோதரைக்கு ஆடாமல் அசையாமல் கொண்டுபோய்க் கொடுத்தோம். இவர் முட்டை பொரிக்கப் பழகிவிட்டார், உப்புப் போடத்தான் இன்னும் பழகவில்லை.

ஸ்கேனுக்கு முதல் நாள் இன்றும் எனக்குப் பயம் வரும். முன்பென்றால் அதை மறைத்துக்கொண்டு ஐசிங்கை அடித்துக்கொண்டிருப்பேன். இப்போது "எனக்குப் பயமா இருக்கு" என்று இவரிடம் சொல்கிறேன். இவரும் "எனக்கும்தான்" என்கிறார். மருந்து எனக்குத் தந்த வருடங்களுக்காகக் கடவுளுக்கும் டொக்டர்மாருக்கும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை, ஆனால் அந்த வருடங்களை இவருக்குப் பக்கத்தில் இருந்து வாழும் பாக்கியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் செய்த மடத்தனத்தால்தான் எனக்குக் கிடைத்தது.